நீலகிரியில் முதல் பனிக்காலம்: சிறு தோட்டத்தையும் வீட்டையும் தயார் செய்ய ஒரு வழிகாட்டி

நீலகிரியில் கொஞ்சம் நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ குடிவருகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான் இடத்தைப் பார்த்திருப்பார்கள். அப்போது மலை இதமாக இருக்கும். பள்ளத்தில் ஓடையை ஒட்டிச் சமமாகக் கிடக்கும் நிலம் கண்ணுக்கு அழகாகத் தெரியும், விலை பேசி முடித்துவிடுவார்கள். அதே நிலம் ஜனவரி மாதக் காலையில் எப்படி இருக்கும் என்று யாரும் கூட்டிப்போய்க் காட்டுவதில்லை. முதல் பனிக்காலத்தில் பீன்ஸ் பாத்தி ஒரே இரவில் கருகிய பிறகுதான் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய் நிற்கிறார்கள்.

ஊட்டி, குந்தா, கேத்தி, கோத்தகிரியின் உயரமான பகுதிகள் ஆகிய இடங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காய்கறித் தோட்டம், கொஞ்சம் தேயிலை, ஓரிரு மாடுகள், சில கோழிகள் என்று வாழ்க்கையைத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். கூடலூர், பந்தலூர் பக்கம் உயரம் குறைவு என்பதால் உறைபனிக் கவலை அவ்வளவாக இல்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கான வேலை அத்தனையும் பகலில், பனி விழுவதற்கு முன்பு செய்யும் வேலை. காலையில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்துவிட்டு ஓடினால் செய்வதற்கு அதிகம் எதுவும் மிச்சமிருக்காது.

குளிர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும் என்றால், உறைபனி தொட்டபெட்டா உச்சியில்தான் அதிகம் விழ வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் செய்தியில் அடிபடுவது தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி போன்ற இடங்கள். எல்லாமே பள்ளம் அல்லது சமவெளியான புல்தரை.

காரணம் எளிது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் ஓடுவதுபோலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. சரிவின் நடுப்பகுதி தப்பிவிடும், அடிவாரம் உறையும். ஒரே தோட்டத்தில் மேல் பாத்திக்கு எதுவும் ஆகாமல் கீழ்ப் பாத்தி மட்டும் கருகுவது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை உங்கள் நிலத்தின் குளிர்ப் பள்ளங்களைக் கண்டுபிடிப்பது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில் நாலைந்து பழைய எவர்சில்வர் தட்டுகளில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தோட்டத்தின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளிலும் வீட்டுச் சுவரோரத்திலும் தரையில் வையுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். எந்தத் தட்டில் முதலில் கண்ணாடிபோல ஒரு மெல்லிய ஏடு படிந்திருக்கிறதோ அந்த இடத்தில் அந்தப் பருவத்துக்கு பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி எதுவும் வேண்டாம். எந்தத் தட்டிலும் ஏடு கட்டவில்லை என்றால் டிசம்பரில் இன்னொரு தெளிந்த இரவில் மறுபடியும் வைத்துப் பாருங்கள்.

ஒரு சாதாரண வெப்பமானியும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சுவரில் மாட்டாமல், நிழலான திறந்த இடத்தில் செடி உயரத்தில் வையுங்கள். வானிலை நிலையத்தில் வெப்பநிலையை அளப்பது தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரத்தில், கூண்டுக்குள். தெளிந்த இரவில் தரையோரம் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். "ஊட்டியில் 3 டிகிரி" என்று செய்தி சொல்லும் காலையில் உங்கள் பாத்தியில் உறைபனி விழுந்திருப்பது அதனால்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். சரிவின் கீழ் எல்லையில் அடர்த்தியான வேலியோ தகரத் தடுப்போ இருந்தால், இறங்கி வரும் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் உங்கள் தோட்டத்திலேயே நின்றுவிடும். வேலியின் அடிப்பகுதியில் செடிகளைக் கழித்து இடைவெளி விடுங்கள். மேல் எல்லையில் அடர்ந்த வேலி இருப்பது நல்லது. மேலிருந்து வரும் குளிரை அது பக்கவாட்டில் திருப்பிவிடும்.

பனிக்கு முன்னால் மழை

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தை நனைக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் பலமாக இருக்கும். பனி தொடங்குவது இந்த இரண்டாவது மழை ஓயும் சமயத்தில். முதலில் நீர்ப்பனி வரும். புல்லெல்லாம் நனைந்து கிடக்கும், செடிக்குக் கெடுதல் இல்லை. அப்புறம் உறைபனி. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் விழும். மழை தள்ளிப்போனால் பனியும் தள்ளிப்போகும்.

மழை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதை லேசாக நினைத்துவிடாதீர்கள். 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். செப்டம்பரிலேயே தோட்டத்து வாய்க்கால்களைத் தூர்வாருங்கள். வீட்டின் பின்பக்கம் வெட்டுமண் சுவர் இருந்தால் அதன் மேல்விளிம்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடுங்கள். சுவரின் மேலே தரையில் புதிதாக வெடிப்பு தெரிந்தால், மரம் சாய்ந்தால், எப்போதும் தெளிவாக வரும் ஊற்று திடீரென்று கலங்கினால் அன்றிரவு அந்த வீட்டில் தூங்காதீர்கள். சரிவில் ஜேசிபி வைத்து மண்ணைச் சமன் செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒருபக்கம், அடுத்த மழையில் சரிவது உங்கள் வீடாக இருக்கலாம் என்பது இன்னொரு பக்கம்.

எதை எப்போது நடுவது

பயிர்களில் பனி தாங்குபவை, தாங்காதவை என்று இரண்டு வகை. பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், பூசணி ஆகியவை தாங்காது. முட்டைகோஸ், கேரட், டர்னிப், பீட்ரூட், நூல்கோல், பூண்டு ஆகியவை ஓரளவுக்குத் தாங்கும், வளர்ச்சிதான் மந்தமாகும். பட்டாணியில் செடி தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. பட்டாணி போடுகிறவர்கள் பூக்கும் சமயம் ஜனவரியில் வந்து விழாதபடி நாளைக் கணக்கிட்டு விதையுங்கள்.

உருளைக்கிழங்குக்கு இங்கே மூன்று போகம். ஜனவரி, பிப்ரவரியில் நட்டு நீர் பாய்ச்சி எடுப்பது நீர்போகம். மார்ச், ஏப்ரலில் நடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது கடைபோகம். பனியில் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தக் கடைபோகம்தான். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே நட்டவருக்குப் பனி வரும்போது கிழங்கு பருத்திருக்கும். செப்டம்பர் கடைசி வரை இழுத்தவர் ஒவ்வோர் இரவும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்கள் முதல் வருடம் கடைபோக உருளைக்கிழங்கை விட்டுவிட்டு அந்த இடத்தில் முட்டைகோஸோ கேரட்டோ போடுவது நல்லது என்பது என் கருத்து. தட்டு வைத்துப் பார்த்து நிலத்தைப் புரிந்துகொண்ட பிறகு உருளைக்கிழங்குக்குப் போகலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூற்புழு தாங்கும் ரகங்களைப் பற்றி அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு நடுங்கள்.

பூண்டை அக்டோபர், நவம்பரில் ஊன்றலாம். மாட்டுக்குத் தீவன ஓட்ஸ் போடுவதாக இருந்தால் அதையும் அக்டோபரில் விதைத்துவிடுங்கள். பனியில் புல் காய்ந்து நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

அக்டோபர் கடைசிக்குப் பிறகு யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். செழிப்பாக, தளதளவென்று நிற்கும் செடிதான் முதலில் கருகும். தேயிலையிலும் இதே கணக்குதான். பனி விழும் தாழ்வான இடங்களில் டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்யாதீர்கள். வெட்டிய செடியில் வரும் இளந்துளிர் பனிக்குத் தப்பாது.

மூடாக்கு பற்றி ஒரு எச்சரிக்கை

இயற்கை விவசாயம் படித்துவிட்டு வருகிற நண்பர்கள் மண்ணை வெறுமையாக விடவே கூடாது, சருகோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட வேண்டும் என்று உறுதியாக இருப்பார்கள். கோடையில் அது சரி, நானும் அப்படித்தான் செய்கிறேன். உறைபனி விழும் பாத்தியில் மட்டும் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

பகல் வெயிலை மண் வாங்கிவைத்து இரவில் மெல்ல விடுகிறது. செடியைக் காப்பாற்றுவது அந்தச் சூடுதான். மண்ணின்மேல் காய்ந்த சருகும் வைக்கோலும் கிடந்தால் பகல் சூடு மண்ணுக்குள் இறங்காது, இறங்கிய கொஞ்சமும் மேலே வராது. செடியின் தலை அன்றிரவு இன்னும் அதிகமாகக் குளிரும். களை மண்டிக் கிடந்தாலும் இதே கதைதான். பொலபொலவென்று கொத்திவிட்ட காய்ந்த மண்ணும் சூட்டைப் பிடித்துவைக்காது.

அதனால் பனி தாங்காத பயிர் நிற்கும் பாத்தியில் டிசம்பருக்கு முன் களையெடுத்து, மூடாக்கை ஓரமாக ஒதுக்கி, மண்ணைக் கெட்டியாக, ஈரமாக வைத்திருங்கள். பூண்டு, கேரட் போல வேரும் கிழங்கும் முக்கியமான பாத்தியில் மூடாக்கு இருக்கட்டும், அங்கே அது நல்லதுதான் செய்யும். உருளைக்கிழங்குக்கு மண் நன்றாக அணைத்துவிட்டால் மேல்செடி கருகினாலும் கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கும்.

பனி இரவு: மதியம் இரண்டு மணியிலிருந்து

எந்த இரவு பனி விழும் என்று எப்படித் தெரியும்? மழை விட்டு வானம் வெளுத்த இரண்டாவது, மூன்றாவது நாளைச் சந்தேகப்படுங்கள். மாலையில் மேகமே இல்லை, காற்று அசையவில்லை, பொழுது சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்குகிறது என்றால் ஏறக்குறைய உறுதி. மேகம் மூடியிருந்தாலோ காற்று வீசினாலோ எவ்வளவு நடுங்கினாலும் உறைபனி விழாது.

மதியம் இரண்டு மணிவாக்கில், வெயில் இருக்கும்போதே, பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். இலையை நனைக்காமல் மண்ணுக்குப் பாய்ச்ச வேண்டும். ஈர மண் அந்த வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் இருட்டிய பிறகு தண்ணீர் விட்டால் பாதிப் பலன்தான்.

மூன்றரை, நாலு மணிக்கு மூடிவிடுங்கள். பழைய வேட்டி, சேலை, கோணிச்சாக்கு, நிழல்வலை எதுவானாலும் சரி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரணித் தழையையும் தேயிலைக்கும் நாற்றுக்கும் மேலே பரப்பலாம். எதைப் பயன்படுத்தினாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மூடி தரை வரை இறங்க வேண்டும், மண்ணிலிருந்து வரும் சூட்டைப் பிடித்துவைப்பதற்காகத்தான் மூடுகிறோம். செடியின் தண்டில் குடைபோலக் கட்டினால் சூடு வெளியே போய்விடும். பிளாஸ்டிக் தாள் என்றால் இலையில் படக்கூடாது, பட்ட இடமெல்லாம் கருகும். மூங்கிலையோ குச்சியையோ வளைத்து நட்டு அதன்மேல் போடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் மூடியை எடுத்துவிட வேண்டும். பகல் முழுக்க மூடி கிடந்தால் மண்ணுக்குச் சூடு கிடைக்காது, பூஞ்சையும் பிடிக்கும்.

ஸ்பிரிங்ளர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியிடும். அந்தச் சூடு இலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாமல் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுமுன் தொடங்கி, வெயில் வந்து பனிக்கட்டி உருகும் வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். நடுராத்திரியில் தண்ணீர் தீர்ந்தாலோ கரண்ட் போனாலோ, தெளிக்காமலே விட்டிருந்தால் வந்திருக்கும் சேதத்தைவிட அதிகச் சேதம் வரும். கிணறும் மோட்டாரும் தாங்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் இறங்குங்கள். இங்கே பலரும் செய்வது வேறு: விடியற்காலையில், வெயில் செடிமேல் விழுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவது. லேசான பனிக்கு இது உதவும். உள்ளே உறைந்துபோன இலையை எந்தத் தண்ணீரும் மீட்காது.

ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போடும் பழக்கமும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பூமியின் சூடு மேலே போவதைப் புகை பெரிதாகத் தடுப்பதில்லை. காய்ந்த புல் சூழ்ந்த மலையில் இரவில் நெருப்பு வைப்பது ஆபத்தும்கூட.

கருகியது பனியிலா, நோயிலா?

உறைபனி பட்ட உருளைக்கிழங்கு இலையைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கரும்பச்சையாக, வெந்நீரில் முக்கி எடுத்ததுபோல் துவண்டு கிடக்கும். விரலில் வைத்து நசுக்கினால் நீர் கசியும். மதியத்துக்குள் கறுத்து, மறுநாள் காய்ந்து சுருண்டுவிடும். செடியின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டிருக்கும், தாழ்வான பாத்தியில் அதிகமாக இருக்கும்.

பின்கருகல் நோய் அப்படி வராது. இலையில் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தொடங்கும், திட்டைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும், ஈரக் காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெண்ணிறப் பூஞ்சை படிந்திருக்கும். நாளுக்கு நாள் பரவும். பனியில் கருகியதற்கு மருந்தடித்துக் காசை வீணாக்கியவர்களும் உண்டு, நோயைப் பனி என்று நினைத்துத் தோட்டத்தையே விட்டவர்களும் உண்டு. இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பனியில் கருகிய தேயிலையையோ பழச்செடியையோ உடனே வெட்டாதீர்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அந்தக் கருகிய தலை அடுத்த பனியிலிருந்து உள்கிளையைக் காக்கும்.

மாடு, கோழி, தேனீ

மாட்டுக்குக் குளிர் அவ்வளவு பெரிய பகையில்லை, ஈரமும் ஊதற்காற்றும்தான் பகை. தரை காய்ந்திருந்து, காற்று வரும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா கட்டியிருந்தால் பெரிய மாடு 4, 5 டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும். கொட்டகையை நாலு பக்கமும் இறுக்கி மூடிவிடாதீர்கள். மூத்திர வாடை உள்ளேயே தேங்கி மாட்டுக்குச் சளி பிடிக்கும். கூரைக்குக் கீழே காற்றுப்போக இடம் இருக்க வேண்டும். கன்றுக்குட்டிக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

குளிர்ந்த தண்ணீரை மாடு குறைவாகக் குடிக்கும், அதனால் பாலும் குறையும். காலையில் தொட்டித் தண்ணீரோடு கொஞ்சம் வெந்நீர் கலந்து காட்டினாலே வித்தியாசம் தெரியும். பனி படிந்த புல்லில் விடிந்ததும் ஓட்டிவிடாமல், வெயிலில் புல் காய்ந்த பிறகு மேயவிடுங்கள். ஜனவரிக்குள் மேய்ச்சல் புல் பழுப்பாகிவிடும் என்பதால் கீழ்நாட்டு வைக்கோலை அறுவடைச் சமயத்தில் விலை குறைவாக இருக்கும்போதே ஏற்றி வந்து, மழை படாத மேடையில் அடுக்குங்கள். சதுப்பான இடத்தில் மேய்ந்த மாடு என்றால், மழைக்காலம் முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழுவுக்கு மருந்து கொடுத்துவிடுங்கள். கோமாரித் தடுப்பூசி முகாம் எப்போது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கோழிக் கூண்டுக்கும் அதே விதிதான்: கீழே ஊதற்காற்று கூடாது, மேலே காற்றுப்போக்கு வேண்டும், தரைக்கூளம் காய்ந்திருக்க வேண்டும். கதவை இருட்டுமுன் அடைத்துவிடுங்கள். சிறுத்தை கோழியைவிட நாயைத் தேடித்தான் வரும். நாயை இரவில் வெளியே சங்கிலியில் கட்டி வைப்பது அதைச் சிறுத்தைக்குக் கொடுப்பதற்குச் சமம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிக்கு எண்ணெய் வாசனை பிடிக்கும். எண்ணெய்த் தூக்கையும் குப்பைத் தொட்டியையும் வெளியே விடக்கூடாது. காட்டுமாட்டைத் தடுக்கிறேன் என்று வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அது குற்றம், மனிதர் உயிரையும் வாங்கும்.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் நுழைவாயிலைச் சிறிதாக்கி, பெட்டியைக் காலை வெயில் முதலில் விழும் இடத்துக்குத் திருப்பி வையுங்கள். குளிரில் திறந்து பார்க்க வேண்டாம். நல்ல வெயிலடிக்கும் மதியத்தில் சீக்கிரம் பார்த்து மூடிவிடுங்கள்.

வீட்டுக்குள்: இதை மட்டும் தயவுசெய்து

மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். சட்டியில் தணல் அள்ளி வந்து கட்டிலடியில் வைப்பதும், வெளியே சமைத்த கரியடுப்பு இன்னும் சூடாக இருக்கிறதே என்று உள்ளே இழுத்து வைப்பதும் மலைப் பகுதிகளில் உயிர்களை வாங்கியிருக்கிறது. சுற்றுலா வந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் விடிந்தபோது எழவேயில்லை என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. புகையே வராத சிவந்த தணலிலிருந்தும் அது வரும். தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் என்று தொடங்கும், அதற்குமேல் எழுந்து கதவைத் திறக்கவும் தெம்பிருக்காது. யாருக்காவது அப்படி இருந்தால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள். தோட்ட வேலைக்கு ஆள் தங்கவைத்திருந்தால் அவர்களுக்கு நல்ல கம்பளி வாங்கிக் கொடுத்து, இதை நேரில் சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு.

புகைபோக்கியோடு கூடிய கணப்பு இருக்கும் பழைய வீடு என்றால், அக்டோபரில் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எரியும்போது ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும். மின் ஹீட்டர் 2,000 வாட் என்றால் அதற்கு 15 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வயரிங்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு ஓட்டினால் வயர் உருகும்.

ஆனால் வீட்டைச் சூடாக வைக்கப் பெரிய செலவு தேவையில்லை. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில் வரும் பக்க ஜன்னல்களைத் திறந்து, கம்பளிகளையும் மெத்தையையும் வெயிலில் போடுங்கள். மூன்றரைக்கு எல்லாவற்றையும் மூடித் திரையை இழுத்துவிடுங்கள். ஐந்து மணிக்கு மூடுகிற வீட்டுக்கும் மூன்றரைக்கு மூடுகிற வீட்டுக்கும் இரவில் நல்ல வித்தியாசம் இருக்கும். தகரக் கூரை என்றால் உட்பக்கம் நீர் கோத்துச் சொட்டும். அடியில் மரப்பலகையோ தெர்மகோலோ வைத்து ஒரு அடுக்கு கொடுத்தால் குளிரும் சொட்டும் இரண்டுமே குறையும்.

விறகை மழைக்கு முன்பே வாங்கி, காற்றோட்டமான கொட்டகையில் அடுக்குங்கள். தேயிலைச் செடி பிடுங்கிய இடங்களில் கிடைக்கும் கட்டை மெதுவாக நின்று எரியும். சீகை (வாட்டில்) மரமும் நன்றாக எரியும். உங்கள் நிலத்தில் நிற்கும் மரமே ஆனாலும் அனுமதியில்லாமல் கோடாலி வைக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கேஸ் சிலிண்டருக்குள் குளிரில் அழுத்தம் குறைவதால் காலையில் சுடர் தணிந்து எரியும். அதைச் சூடாக்க முயலக்கூடாது. மாற்று சிலிண்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

தண்ணீரும் தீயும்

இங்கே குழாய் வெடிக்கிற அளவுக்குக் குளிர் அரிது. தரையில் கிடக்கும் ரப்பர் குழாயிலும் வெளிக் குழாயிலும் மட்டும் காலையில் தண்ணீர் உறைந்து நிற்கும். மாலையில் குழாயைச் சுருட்டி வடித்துவிட்டு, வெளிக் குழாய்க்குச் சாக்கைச் சுற்றிவிட்டால் போதும். உண்மையான தண்ணீர்க் கவலை ஜனவரிக்குப் பிறகு வரும். மழை நின்றதும் ஊற்று மெல்ல இளைக்கும். நவம்பர் மழையிலேயே கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனியில் காய்ந்த புல்தான் பிப்ரவரி, மார்ச் மாதக் காட்டுத்தீக்கு எரிபொருள். வீட்டையும் கொட்டகையையும் வைக்கோல் போரையும் சுற்றி டிசம்பர் கடைசிக்குள் புல்லைச் செதுக்கி, நாலைந்து மீட்டருக்கு வெறுந்தரையாக்குங்கள். செதுக்கிய புல்லை எரிக்காமல் குழியில் போட்டு எருவாக்கலாம்.

படுக மக்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் வரும். அப்போது கோத்தகிரிப் பக்கம் பேரகணிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், நிலம் வைத்திருக்கும் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். உங்கள் பள்ளத்தில் எந்த மாதம் வரை பனி நிற்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும்.

பொங்கல் முடிந்ததும் பனி போய்விட்டது என்று நினைத்து மூடிகளைக் கழுவி உள்ளே வைத்துவிடாதீர்கள். பிப்ரவரியிலும் திடீரென்று ஓர் இரவு விழும், நீர்போக உருளைக்கிழங்கு அப்போதுதான் முளைவிட்டு நிற்கும். பிப்ரவரி கடைசி வரை சாக்குகள் பாத்தியோரத்திலேயே இருக்கட்டும். மார்ச்சில் புதுத் துளிர் எங்கே கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு மேலே உள்ள கருகிய கிளைகளை வெட்டுங்கள். பீன்ஸ் விதையைத் தாழ்வான பாத்தியில் ஊன்ற அதுதான் நேரம்.